ட்ரவுட் மீனும் தோட்டத் தமிழரும்



நம் தோட்டப்புற வரலாற்றைப் பேசத் தொடங்கினால் பால்மரம், செம்பனை, கங்காணி, கப்பல் என்ற சொற்களே முதலில் வந்து நிற்கும். மீன் என்ற சொல் வருவதில்லை. இக்கட்டுரை ஒரு மீனைப் பற்றியது. அதன் பெயர் ட்ரவுட். நம் லாபிஸ் வட்டாரத்து ஆறுகளில் அது இல்லை, விட்டாலும் பிழைக்காது. ஆயினும் நம் இனத்தாரின் வரலாற்றோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு. தமிழர்கள் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மலைகள் சிலவற்றிற்கு, ஏறக்குறைய அதே காலத்தில், அதே ஆட்சியின் கீழ்க் கொண்டுசெல்லப்பட்ட மீன் அது. மீன் எப்படிப் போயிற்று, மனிதர் எப்படிப் போயினர் என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால், பாடநூலில் இல்லாத ஒரு பாடம் கிடைக்கிறது.

குளிர்நீர் வேண்டும் மீன்

ட்ரவுட்டில் இரண்டு வகைகளே நமக்கு இங்கு வேண்டியவை. ஒன்று பழுப்பு ட்ரவுட். ஐரோப்பா அதன் தாயகம். மற்றொன்று வானவில் ட்ரவுட். பசிபிக் பெருங்கடலில் கலக்கும் வட அமெரிக்க ஆறுகளும் இரசியாவின் கிழக்குக் கரை ஆறுகளும் அதன் தாயகம். உடலின் பக்கவாட்டில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையால் அப்பெயர் பெற்றது.

இரண்டுக்கும் குளிர்ந்த, தெளிந்த, உயிர்வளி மிகுந்த ஓடுநீர் தேவை. நீர் சூடேற ஏற, அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும் என்பதை நம் அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். நீரின் வெப்பம் 20 பாகைக்கு மேல் போனால் ட்ரவுட் தளர்ந்துவிடும். முட்டையிடுவதற்கு அதனினும் மிகக் குளிர்ந்த நீர் வேண்டும். வானவில் ட்ரவுட் மட்டும் சற்றுக் கூடுதலான வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும். இந்தச் சிறு வேறுபாடு பின்னர் வரும் செய்திக்கு முக்கியமானது.

வெப்ப நாட்டில் இத்தகைய நீர் வேண்டுமென்றால் மலையேறத்தான் வேண்டும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 6 பாகை வெப்பம் குறையும். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்திலும், இலங்கையின் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நம் ஜொகூரின் மிக உயர்ந்த மலையாகிய லேடாங் மலையின் உச்சியே 1,276 மீட்டர்தான். லாபிஸ் தாழ்நிலம். ஆகவே ட்ரவுட் நம் ஊருக்கு வராமல் போனதற்கு இயற்கையே காரணம்.

பனிக்கட்டியில் வைத்த முட்டைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் எங்குக் குடியேறினாலும் தம் நாட்டுச் செடி, பறவை, மீன் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்ல விரும்பினர். செடியை விதையாகவோ தொட்டியிலோ கொண்டுபோகலாம். குளிர்நீர் மீனை வெப்பக் கடல் கடந்து எவ்வாறு கொண்டுபோவது?

விடை முட்டையில் இருந்தது. குளிர்ச்சியில் வைத்தால் ட்ரவுட் முட்டைக்குள் கரு வளர்வது மெதுவாகும். ஈரப்பாசியில் முட்டைகளைப் பரப்பி, மரப்பெட்டிகளில் அடுக்கி, பெட்டிகளைப் பனிக்கட்டிக்கிடையே வைத்துவிட்டால் வாரக்கணக்கில் அவை பொரியாமல் இருக்கும். 1864ஆம் ஆண்டு 'நார்ஃபோக்' என்ற கப்பல் இம்முறையில் சால்மன் முட்டைகளையும் ட்ரவுட் முட்டைகளையும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றது. ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். அதற்கு முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. இம்முறை தாஸ்மானியாவில் சில நூறு ட்ரவுட் குஞ்சுகள் பொரித்தன. தென்கோளத்தின் முதல் ட்ரவுட் மீன்கள் அவையே.

முட்டைக்காகக் கப்பலில் பனிக்கட்டி அறை கட்டப்பட்டது. எத்தனை முட்டை பிழைத்தது என்பதற்குக் கணக்கு எழுதப்பட்டது. இதை நினைவில் கொள்ளுங்கள்.

நீலகிரியில் நாற்பது ஆண்டு முயற்சி

தமிழகத்தில் ட்ரவுட்டுக்கு ஏற்ற குளிர்ச்சி நீலகிரி மேட்டு நிலத்தில் இருந்தது. உதகை அப்போது சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரம். அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர்களுக்கு மலையும் மூடுபனியும் புல்வெளியும் தாய்நாட்டை நினைவூட்டின. ஆனால் மேட்டு நிலத்து ஓடைகளில் தூண்டிலுக்குச் சிக்கும் பெரிய மீன்கள் இல்லை.

1860களில் முதல் முயற்சியில் இறங்கியவர் மருத்துவர் பிரான்சிஸ் டே. சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்து, பின்னாளில் இந்திய மீன்வளத்துறையின் தலைமைக் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். அவர் கொண்டுவரச் செய்த முட்டைகள் வழியிலேயே கெட்டன. உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் மெக்ஐவரும் வெளிநாட்டு மீன்களைக் கொண்டுவர முயன்றார். ட்ரவுட் நிலைக்கவில்லை.

பிரான்சிஸ் டேயைப் பற்றி ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'இந்தியாவின் மீன்கள்' என்ற அவருடைய பெருநூலில், அறிவியல் பெயர்களோடு மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் பதிவு செய்தார். தமிழ்ப் பெயர்களும் அவற்றுள் அடங்கும். மீனவர் வாய்மொழி ஓர் ஆங்கில மருத்துவரின் நூலில் அச்சேறியது. அயல்நாட்டு மீனைக் கொண்டுவர முயன்றவரே உள்நாட்டு மீனின் பெயரையும் காத்துத் தந்தார் என்பதை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

வெற்றி வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டதால் கடற்பயணம் சுருங்கியிருந்தது. மலைத் தொடர்வண்டி 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. எச். சி. வில்சன் என்ற அதிகாரி 1906 முதல் இப்பணியை மேற்கொண்டார். வெப்பத்தைச் சற்றுத் தாங்கக்கூடிய வானவில் ட்ரவுட்டே நீலகிரியில் வேரூன்றியது. அதன் முட்டைகள் அந்த ஆண்டுகளில் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்தன. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது.

முதல் முயற்சியிலிருந்து எண்ணினால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல்! மீன் செத்தபோதெல்லாம் காரணம் ஆராயப்பட்டது. பயணம் நீளமா? நீர் சூடா? வகை தவறா? ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி தேடப்பட்டது.

இலங்கை மலையகத்தில்

நீலகிரிக்கு முன்பே இலங்கை வெற்றி கண்டுவிட்டது. அங்குப் பழுப்பு ட்ரவுட் 1882இல் நுவரெலியாப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் வானவில் ட்ரவுட்டும் வந்தது. குதிரைப்பந்தயத் திடலும் மன்றமும் நிறைந்த நுவரெலியாவில் தூண்டில் விளையாட்டும் சேர்ந்துகொண்டது. 1890களில் இதற்கென மீன்பிடி மன்றம் ஒன்று உருவாகி, குஞ்சு பொரிப்பதையும் ஓடைகளில் விடுவதையும் கவனித்தது. ஹார்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வானவில் ட்ரவுட் இன்றும் உண்டு. அந்தச் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

1882 என்பது எத்தகைய காலம்? இலங்கையின் காப்பித் தோட்டங்களை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்த காலம். காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. காப்பிக்காகப் பருவந்தோறும் வந்து போன தமிழ்த் தொழிலாளர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்காக மலையிலேயே தங்கத் தொடங்கினர். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை வட்டாரச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறியவர்கள் அவர்கள். அம்மைக்கும் பேதிக்கும் வழியில் மாண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பனிக்கட்டி அறையும் இல்லை. ஒவ்வொரு சாவுக்கும் காரணம் தேடி மாற்று வழி கண்டவரும் அரிது.

மீனுக்கு ஒரு சட்டம், கூலிக்கு ஒரு சட்டம்

நீலகிரியில் 1879ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வேட்டை விலங்குகளையும், வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கப்படுத்திய மீன்களையும் பாதுகாப்பதற்கான சட்டம் அது. அப்போது ட்ரவுட் அங்கு நிலைக்கவே இல்லை. வரப்போகும் மீனுக்கும் சேர்த்தே பாதுகாப்பு எழுதி வைக்கப்பட்டது எனலாம்.

அதே மாகாணத்தில் 1903ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. நீலகிரி உள்ளிட்ட மலைத்தோட்டப் பகுதிகளுக்குப் பொருந்திய அச்சட்டம், ஒப்பந்தத்தை முறித்து வேலையை விட்டுச் சென்ற தொழிலாளியைத் தண்டிக்க வழி செய்தது. ஒரே மலையில், ஒரு தலைமுறைக்குள், மீனைக் காக்க ஒரு சட்டமும் கூலியைக் கட்ட ஒரு சட்டமும் பிறந்தன.

இதைச் சொல்வது பழைய பகையைக் கிளறுவதற்கன்று. ஓர் ஆட்சி எதைப் பேணியது, எதைக் கருவியாகக் கருதியது என்பதை அதன் சட்டங்களைக் கொண்டே படிக்கலாம் என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்கே சொல்கிறேன்.

பெக்கோக் மலையடியில் ஒரு நாள்

இச்செய்திகளை நான் தேடிப் படிக்கக் காரணமாக இருந்தவர் என் நண்பர் ஒருவர். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் அவரும் நானும் லாபிசிலிருந்து பெக்கோக் சென்று, மலையடி ஓடை ஒன்றில் ஒரு பகல் முழுவதும் தூண்டில் போட்டோம். ஜக்குன் பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார்.

நாங்கள் நாடிச் சென்றது கெலா மீனை. அதற்கு இரையாகப் பெரியவர் எடுத்துக் கொடுத்ததைக் கண்டு இருவரும் வியந்தோம். செம்பனைப் பழம்! கெலா மீன், கரையோர மரங்களிலிருந்து நீரில் உதிரும் பழங்களை விரும்பித் தின்னும். காட்டு மரங்கள் போய்ச் செம்பனை வந்த இடங்களில் அது செம்பனைப் பழத்துக்கும் பழகிக்கொண்டது. தூண்டில் போடுவோர் நெடுநாளாக அறிந்த உத்தி இது. நம் பெற்றோர் குலைகுலையாகச் சுமந்த பழம், ஆற்று மீனுக்கும் உணவாகிவிட்டது.

காலை முழுவதும் ஒன்றும் சிக்கவில்லை. கால் மரத்துப் போகும் அளவுக்கு நீரில் நின்றோம். நண்பகலுக்குப் பின் உடலில் கரும்பட்டை கொண்ட செபாராவ் மீன்கள் இரண்டு கிடைத்தன. மாலை நான்கு மணியளவில் நண்பரின் தூண்டில் வளைந்தது. உள்ளங்கையைவிடச் சற்றே நீளமான ஒரு கெலாக் குஞ்சு. பெரிய செதில்கள் வெயிலில் செம்பொன்னாய் மின்னின. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினார். நண்பர் மீனை அவரிடம் கொடுத்தார். அவர் அதை நீரின் போக்குக்கு எதிராகப் பிடித்திருந்து, அது மூச்சு வாங்கியதும் விட்டுவிட்டார்.

கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டபோதுதான் நண்பர் ட்ரவுட்டைப் பற்றிப் பேசினார். அவருடைய பாட்டனார் சேலம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். பாட்டனாரின் அண்ணன் அதற்கு முன்பே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றுவிட்டார். அந்த அண்ணன் வழிப் பிள்ளைகள் இன்று இலங்கையில் இல்லை. நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம் இருக்கின்றனர். நண்பர் அவர்களைப் பார்க்கச் சென்றபோது, அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளையும் கண்டு வந்திருக்கிறார்.

"சார், அந்த மீனும் சிலோனிலிருந்து நீலகிரிக்கு வந்ததாம். எங்கள் பெரியப்பா வீட்டாரும் சிலோனிலிருந்து நீலகிரிக்கு வந்தவர்கள்தான். மீனை எந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று பார்த்து விட்டார்கள். எங்கள் ஆட்களை யாரும் கேட்கவில்லை," என்றார்.

அதற்கு என்னால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை.

மக்கள் மீண்டும் பெயர்ந்த கதை

நண்பரின் உறவினர் நீலகிரிக்கு வந்தது எப்படி என்பதை இளந்தலைமுறை அறிய வேண்டும். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிய முடிவு தள்ளி வைக்கப்பட்டது. பேச்சுவார்த்தை மேசையில் அம்மக்களின் பேராளர் எவரும் இல்லை.

தாயகம் திரும்பியோர் என்று பெயரிடப்பட்டாலும், அவர்களுள் பலர் இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழகத்தைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை ஏற்படுத்தியது. 1968இல் வனத்துறையின் கீழ்த் தொடங்கிய அத்திட்டமே பின்னர் டான்டீ என்னும் அரசு நிறுவனமாயிற்று. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1948க்கும் 2003க்கும் இடையே 55 ஆண்டுகள்!

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டபோது, தோட்டங்களிலிருந்து பல ஆயிரம் பேர் தமிழகம் திரும்பினர். நம் ஊர்களிலும் அவ்வாறு பாதியாய்ப் பிரிந்த குடும்பங்கள் உள்ளன. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மேலே ட்ரவுட், கீழே பெருங்கெண்டை

மீனுக்கே திரும்புவோம். மக்களுக்கு இழைக்கப்பட்டது போன்ற ஒரு மறதி, மண்ணின் மீன்களுக்கும் இழைக்கப்பட்டது.

நீலகிரியில் ட்ரவுட் விடப்பட்ட ஆறுகளுள் பைக்காரா ஒன்று. அந்த ஆறு மலையிலிருந்து கீழே இறங்கியதும் மோயாறு என்று பெயர் பெற்றுப் பவானியில் கலக்கிறது. அந்த மோயாற்றில் ஒரு பெருமீன் வாழ்கிறது. மகசீர் என்று உலகம் அழைக்கும் கெண்டைக் குடும்பத்து மீன் அது. திமில் போல முதுகு உயர்ந்தது. காவிரி ஆற்றுத் தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது. 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய மகசீர் ஒன்று 120 இராத்தல் எடை இருந்தது. ஏறத்தாழ 54 கிலோ!

சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கில அதிகாரி 1873லேயே, இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி எழுதிய நூலில், மகசீரின் வலிமை சால்மனுக்குக் குறைந்ததன்று என்று வாதிட்டார். ஆயினும் மலைமேல் ட்ரவுட் ஆசை தணியவில்லை. அணைகள் கட்டப்பட்டன. வெடிவைத்து மீன் பிடிப்பது பெருகியது. பின்னாளில் வேறொரு வகை மகசீர்க் குஞ்சுகள் பெருமளவில் ஆற்றில் விடப்பட்டன. திமில் மகசீர் அருகிப் போயிற்று. 2018இல்தான் அறிஞர்கள் அதன் அறிவியல் பெயரை உறுதி செய்தனர். அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனமாகப் பட்டியலிட்டது. பெயர் உறுதியாகும் முன்பே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட மீன் அது. மறுபுறம், பழுப்பு ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும் உலகில் மிகத் தீங்கு விளைவிக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம் பெற்றுள்ளன. மீன் மேல் குற்றமில்லை. கொண்டுபோய் விட்டவர்கள் அங்கு ஏற்கெனவே வாழ்ந்தவற்றை எண்ணவில்லை.

நம் மலையின் கெலா

அந்தத் திமில் மகசீரின் நெருங்கிய உறவுதான், பெக்கோக்கில் நாங்கள் கண்ட கெலா. இரண்டும் ஒரே பேரினம். சரவாக்கில் எம்புராவ் என்று புகழ்பெற்ற மீனும் இவ்வினத்ததே. கற்கள் நிறைந்த, நிழல் படர்ந்த, தெளிந்த ஓடைகளே அதற்கு வீடு. காடு அழிந்தால் மண் கரைந்து நீர் கலங்கும். கலங்கிய நீரில் கூழாங்கற்கள் சேற்றில் புதையும். முட்டையிட இடமின்றிக் கெலா மறையும். சந்தையில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் விலை போவதும் அதற்கு ஆபத்தாயிற்று.

இருந்தும் நம் பக்கத்தில் அது எஞ்சியிருக்கிறது என்றால், அதற்கு எண்டாவ் ரொம்பின் காடு ஒரு முக்கியக் காரணம். ஜொகூர், பகாங் எல்லையில் பரந்திருக்கும் இப்பெருங்காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்ட 1977இல் பகாங் மாநிலம் உரிமம் வழங்கியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டு வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1985, 1986ஆம் ஆண்டுகளில் மலேசிய இயற்கைக் கழகம் பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி அக்காட்டின் செல்வங்களைப் பதிவு செய்தது. 1993இல் ஜொகூர்ப் பகுதியில் ஏறத்தாழ 49,000 ஹெக்டர் தேசியப் பூங்காவாயிற்று. அதன் மேற்கு வாசலான செலாய்க்குப் பெக்கோக் வழியாகவே செல்ல வேண்டும். அதாவது, அந்த வாசல் நம் லாபிசின் கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

அக்காட்டில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஜக்குன் மக்களுக்கு ஒவ்வோர் ஓடைக்கும் பெயர் தெரியும். அருவியை அவர்கள் 'தாக்கா' என்பர். நம் மாணவர்களுள் எத்தனை பேருக்கு இச்சொல் தெரியும்?

வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

1. வரைபடப் பாடம்: தமிழகம், இலங்கை, மலாயா மூன்றையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். மக்கள் சென்ற வழியை ஒரு நிறத்திலும், ட்ரவுட் சென்ற வழியை மற்றொரு நிறத்திலும் குறிக்கச் செய்யுங்கள். இரண்டு கோடுகளும் எங்கெங்கு சந்திக்கின்றன என்று மாணவர்களே கண்டு சொல்லட்டும்.

2. பெயர்ப் பட்டியல்: விரால், கெளுத்தி, பனையேறி என்று தோட்டத்துப் பெரியவர்கள் கால்வாயில் பிடித்த மீன்களின் பெயர்களை எழுதி வரச் சொல்லுங்கள். அருகிலேயே மலாய்ப் பெயரையும் எழுதட்டும். பிரான்சிஸ் டே செய்த பணியை நம் பிள்ளைகள் தாமே செய்யலாம். லயத்தில் வாழ்ந்த தலைமுறை மறைந்தால் அப்பெயர்களும் மறைந்துவிடும்.

3. குடும்ப வரலாறு: பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், உடன்பிறந்தோர் எங்குச் சென்றனர் என்ற இரண்டு கேள்விகள் போதும். ஒரு பக்கம் எழுதினாலும் அது ஆவணமே.

4. ஆற்றங்கரைப் பயணம்: பிள்ளைகளை ஒரு முறையாவது மலையோடைக்கு அழைத்துச் செல்லுங்கள். உரிமம் தேவைப்படும் இடத்தில் உரிமம் பெறுங்கள். பூர்வகுடி வழிகாட்டியை அமர்த்தி, அவருக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள். மழைக்காலத்தில் செல்லாதீர்கள்; மலையில் பெய்யும் மழை நொடியில் ஓடையைப் பெருக்கும்.

தொழிலுக்காகப் பெயர்க்கப்பட்ட மக்கள் நாம். இம்மண்ணில் வேரூன்ற நமக்கு எவரும் தொட்டி கட்டித் தரவில்லை. நம் முன்னோர் கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் தாமே கட்டி வேரூன்றினர். அவ்வாறு வேரூன்றியவர்களுக்கு, இந்த மண்ணில் முன்பே வாழ்ந்த மனிதரையும் மரத்தையும் மீனையும் அறிந்து பேணும் கடமை கூடுதலாகவே உண்டு. ட்ரவுட்டின் வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுவே.

உங்கள் ஊர் ஆற்று மீன்களின் பெயர்களை இந்த வார இறுதியிலேயே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் நன்று.